உற்றுப் பார்த்த பிள்ளை

சிப்பிவிளையில் பிள்ளைகளின் திரை நேரத்தைக் கட்டுப்படுத்தும் 'அளவு' நடைமுறைக்கு வந்த முதல் வாரம், பிள்ளைகள் இருந்த வீடுகளில் எல்லாம் அழுகைச் சத்தம் கேட்டது. சுகிர்தா தெருத் தெருவாகப் போனாள். எந்த வீட்டிலும் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

"பத்து நாள் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்க. பதினோராவது நாள் நீங்களே எனக்குப் போன் பண்ணிச் சொல்லுவீங்க."

அவள் சொன்னது பெரும்பாலான வீடுகளில் அப்படியே பலித்தது. அவளுக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கை கூடிப்போனதும் அதனால்தான்.

அதற்கு முன் ஒன்பது வருடம் அவள் அந்த ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. கடைசியாக அவளிடம் படித்த முப்பத்து நான்கு பிள்ளைகளில் ஆறு பேருக்குத் திரை பார்க்காமல் சோறு தொண்டையில் இறங்காது. ஒரு பிள்ளை ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்கையை, திரையில் செய்வது போல, விரலால் ஓரமாகத் தள்ளிவிடப் பார்த்தது. காக்கை நகரவில்லை என்றதும் அழுதது. அந்தப் பிள்ளையின் முகம் அவளை விடவில்லை. வேலையை விட்டுவிட்டு, திரையை எப்படிக் கையாள்வது என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லிக் கொடுக்கக் கிளம்பினாள். 'எடுக்கும் முன் ஒரு கேள்வி: இதை எதற்காக எடுக்கிறேன்?' என்று எழுதிய சின்ன அட்டையை வீடு வீடாக ஒட்டினாள். நான்கு வருடம் பேசினாள். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே பிள்ளைகள் கையில் போன் இருந்தது.

அப்போதுதான் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் 'அளவை' ஓர் ஊரில் சோதித்துப் பார்க்க இடம் தேடியது. பஞ்சாயத்தில் பேசி, கையெழுத்து வாங்கி, அதைச் சிப்பிவிளைக்குக் கொண்டு வந்தவள் சுகிர்தாதான்.

கருவிகளைப் பார்த்துக்கொள்ள வந்த பொறியாளர் பிரைட்சன் முதல் கூட்டத்தில் எழுந்து விளக்கினார். பக்கத்து ஊர்க்காரர் என்பதால் ஊர்ப் பேச்சிலேயே பேசினார்.

"போன், டேப்லெட்டு, டிவி, எல்லாத்துலயும் கேமரா இருக்குல்லா. அது இனிமே பிள்ளையோட கண்ணப் பாக்கும். பதினாலு வயசு வரைக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அறுபது நிமிசம். ஆனா எல்லா நிமிசமும் ஒரே நிமிசம் இல்ல. பாடம் படிச்சா, கதை கேட்டா, அது மெதுவா எண்ணும். சும்மா ஒண்ணுமில்லாததப் பாத்துக்கிட்டு, இமைகூட வெட்டாம கண்ண ஒட்ட வச்சிக்கிட்டு இருந்தா வேகமா எண்ணும். எண்ணி முடிஞ்சா அந்தப் பிள்ளைக்கு எந்தத் திரையும் திறக்காது. அண்ணன் போன வாங்கிப் பாத்தாலும் திறக்காது. அந்த நேரத்த வாரா வாரம் அதுவா பாத்து ஏத்தும், இறக்கும்."

ஒரு தாய் எழுந்து கேட்டாள். "எங்க பிள்ள என்ன பாக்குதுன்னு நீங்க ஆபீஸ்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பியளோ?"

சுகிர்தா எழுந்தாள். "யாரும் பாக்க முடியாது. எனக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. கடைசியில எண் மட்டும்தான் வரும். அதை எழுதி வாங்கினப்புறம்தான் நான் கையெழுத்தே போட்டேன்."

கூட்டத்தில் கை தட்டினார்கள். அந்த நிபந்தனைக்காக அவள் நிறுவனத்துடன் மூன்று மாதம் மல்லுக்கட்டியிருந்தாள்.

எட்டாவது நாள் காலை செல்லக்கனி வந்தாள். உப்புப் பொட்டலம் போடும் ஆலையில் வேலை செய்கிறவள். விரல் இடுக்குகளில் உப்பு அறுத்த வெடிப்புகள். கணவன் கப்பல் வேலைக்குப் போய் வருடத்துக்கு ஒரு முறை வருகிறவன். ஒரே பெண், முத்தரசி. ஏழு வயது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை. மூன்று வயதில் மருத்துவமனையில் காதுக்குள் கருவி பொருத்தியிருந்தார்கள். பள்ளிப் பதிவேட்டில் 'கேட்கும் திறன்: சரிசெய்யப்பட்டது' என்று இருந்தது. இன்னும் பேச்சு வரவில்லை. மெதுவாக வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், சுகிர்தாவும் சொன்னாள்.

"அரசி செவத்துல முட்டுதா டீச்சர்," என்றாள் செல்லக்கனி. "திரை மூடுனதும் அதப் போட்டு அடிக்கா. பெறவு எங்கிட்ட வந்து என் மூஞ்சியப் பிடிச்சித் திருப்பித் திருப்பி என்னமோ காட்டுதா. எனக்கு ஒண்ணும் விளங்கல. நெத்தி வீங்கிக் கெடக்கு."

"எவ்வளவு நேரம் பார்ப்பா?"

"முன்னால நாலு மணி நேரம்கூடப் பாப்பா. இப்பம் பதினெட்டு நிமிசத்துல மூடிருது."

சுகிர்தா தன் டேப்லெட்டில் அரசியின் எண்ணைப் பார்த்தாள். ஊரிலேயே மிக மோசமான எண் அதுதான். பார்வை ஒட்டுதல் நூற்றுக்குத் தொண்ணூற்று ஏழு.

"அப்படி என்னத்தைப் பார்க்கிறா?"

செல்லக்கனி முந்தானையின் ஓரத்தைச் சுருட்டினாள். "என்னமோ வீடியோ டீச்சர்," என்றாள்.

சுகிர்தா அதற்கு மேல் கேட்கவில்லை. பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று துருவக் கூடாது என்பது அவள் தனக்கே விதித்துக்கொண்ட ஒழுங்கு. "செல்லக்கனி, அதிகமா ஒட்டியிருக்கிற பிள்ளைதான் அதிகமா அழும். மத்த பிள்ளைங்க தாங்குதுங்க, இவளும் தாங்குவா. நெத்தியில மருந்து போடுங்க. ஆனா மனசு இரங்கி ஆபீஸ்ல போய் விலக்கு கேட்டுடாதீங்க."

"சரி டீச்சர்."

செல்லக்கனி விலக்குக் கேட்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

நான்கு மாதங்கள் போயின. ஊர் மாறியது உண்மை. சாயங்காலம் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மணல் திடலில் இடம் பிடிக்கச் சண்டை வந்தது. நூலகத்தில் இரண்டாவது பெஞ்சு போட்டார்கள். பிள்ளைகள் சாப்பிடும்போது பேசுகிறார்கள் என்று ஒரு தகப்பன் புகார் சொல்வது போலப் பெருமைப்பட்டார். சுற்று வட்டாரப் பஞ்சாயத்துகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அரசி திரை பார்த்த நேரம் வாரா வாரம் இறங்கிக்கொண்டே போனது. பிறகு ஒரு நாள் பூஜ்யம் ஆனது. முப்பத்தொரு நாள் தொடர்ந்து பூஜ்யமாகவே இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் அப்படி வேறு யாரும் இல்லை. மிக மோசமான இடத்தில் தொடங்கி மிக நல்ல இடத்துக்கு வந்த பிள்ளை என்று, பள்ளி ஆண்டு விழாவில் அவளுக்கே கேடயம் கொடுப்பதென்று சுகிர்தா முடிவு செய்தாள்.

விழா பள்ளி மைதானத்தில் மாலை ஐந்து மணிக்கு நடந்தது. பஞ்சாயத்தின் இணையப் பக்கத்தில் நேரலையாகவும் போட்டார்கள். அரசி புதுப் பாவாடை கட்டியிருந்தாள். நெற்றி வீக்கம் ஆறி, சின்னத் தழும்பு மட்டும் இருந்தது. மேடையேறி கேடயத்தை வாங்கினாள். அதைத் தாயிடம் கொடுத்தாள். பிறகு திரும்பி, மூங்கில் கம்பத்தில் கட்டியிருந்த கேமராவை நேராகப் பார்த்து, இரண்டு கைகளையும் தூக்கி வேகமாக ஆட்டினாள். விரல்கள் மடங்கின, விரிந்தன, நெஞ்சைத் தொட்டன, காற்றில் எதையோ மூடின.

பிள்ளைக்கு வணக்கம் சொல்லத் தெரியவில்லை என்று சுகிர்தா நினைத்தாள். சிரித்தபடி குனிந்து, அந்தச் சின்னக் கைகளைப் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்துக் கும்பிட வைத்தாள். கைகள் ஒரு கணம் திமிறின. பிறகு அடங்கின. போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

மூன்றாம் நாள் மதியம் சுகிர்தா நூலகத்தில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வாணியம்பாடியிலிருந்து நசீமா என்று ஒரு பெண். தான் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது கேட்கும் மகள் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்கு இணையத்தில் சைகை மொழி வகுப்பு நடத்துகிறாளாம். பல ஊர்களிலிருந்து இருபது பிள்ளைகள்.

"உங்க ஊர் விழா வீடியோ பார்த்தேன் மேடம். கேடயம் வாங்கின பொண்ணு முத்தரசி. மூணு வருஷமா என் வகுப்புல இருந்தவ. பேச்சு நடுவுலயே மறைஞ்சு மறைஞ்சு போனா, அப்புறம் வராமலே போயிட்டா. அவ அம்மா நம்பருக்குப் போட்டா எடுக்கல."

"அரசி எந்த வகுப்புக்கும் போனதா எனக்குத் தெரியாதே."

"மேடையில அவ கையால என்ன சொன்னான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வணக்கம் சொன்னா."

"வணக்கம் நீங்க சொல்ல வெச்சது மேடம்," என்றாள் நசீமா. குரலில் கோபம் இல்லை. "அதுக்கு முன்னாடி அவ பேசினா. எழுதி வெச்சிருக்கேன், படிக்கட்டுமா? 'அஃப்ரா, நான் ஓடிப் போகல. திரை மூடிடுது. தினமும் மூடிடுது. உன் ஊர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீ இங்க வா. எங்க அம்மாவுக்கு...' அவ்வளவுதான்."

"அம்மாவுக்கு?"

"அங்க நீங்க கையைப் பிடிச்சிட்டீங்க."

எதிர் பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் ஒரே புத்தகத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அஃப்ரா யாரு?" என்று சுகிர்தா கேட்டாள்.

"என் வகுப்புப் பொண்ணு. எட்டு வயசு. ரெண்டு பேரும் தினம் மணிக்கணக்கா பேசுவாங்க. அரசிக்கு வேற யார்கூடவும் பேச வழி இல்ல மேடம். உங்க ஊர்ல சைகை தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட இல்ல. காதுல கருவி வெச்சிருக்காங்க, சத்தம் கேக்கும். சத்தம் வேற, சொல் வேற. அவளுக்குச் சொல் கையிலதான் வந்தது."

சுகிர்தா நேராகப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனாள். பிரைட்சன் கணினி முன்னால் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் மறுத்தார்.

"உள்பதிவத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதான் எழுதி வாங்குனிய டீச்சர்."

"தாயோட சம்மதம் நான் வாங்கித் தாரேன். இப்ப திறங்க."

செல்லக்கனியைப் போனில் பிடித்துச் சம்மதம் வாங்கிய பிறகு அவர் திறந்தார். படம் எதுவும் இல்லை, வரிகள் மட்டுமே. ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி. காட்சி: மனித உருவம், கை அசைவு, மீண்டும் மீண்டும். பேச்சு: இல்லை. எழுத்து: இல்லை. மொழி: இல்லை. வகை: வெற்றுக் காட்சி.

பிரைட்சன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "அவ கைப்பேச்ச இது பேச்சுன்னே எடுத்துக்கல. மொழியே இல்லாத வீடியோன்னு போட்டுருக்கு. அதுபோக, கண்ணு அசையாமப் பாத்திருக்கா. ரெண்டையும் சேத்து ஒரு நிமிசத்த மூணு நிமிசத்துக்கு மேல எண்ணியிருக்கு. அதான் அறுபது பதினெட்டாச்சு. ஒட்டுதல் குறையலன்னு வாரா வாரம் இறக்கியிருக்கு. பதினொண்ணு. பெறவு ஏழு. பெறவு நாலு."

"கண்ணை எடுத்தா எதிர்ல இருக்கிறவ சொல்றது அவளுக்குத் தெரியாதே."

"ஆமா டீச்சர். நாம காதால கேக்கத அவ கண்ணால கேக்கா. உத்துப் பாத்தா அது அடிமைத்தனம்னு இதுக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. காது கேளாத பிள்ள எப்படிப் பாக்கும்னு யாரும் சொல்லிக் குடுக்கல. பள்ளிக்கூடப் பதிவுலயும் காது சரியாயிட்டுன்னுதான இருக்கு."

"நாலு நிமிஷத்துல என்ன பேசியிருப்பா?"

பிரைட்சன் கடைசிப் பக்கத்துக்குப் போனார். கடைசி மூன்று நாட்களும் அவள் திரையைத் திறந்து, நான்கு நிமிடம் ஆகும் முன்பே தானாகவே மூடியிருந்தாள். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

செல்லக்கனி ஆலையிலிருந்து மூன்று மணிக்கு வந்தாள். சுகிர்தா அவள் வீட்டில் காத்திருந்தாள். அரசி சமையலறை வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவள் ஒழுங்கான பிள்ளை ஆகிவிட்டாள் என்று தெருவே சொன்னது நினைவுக்கு வந்து, சுகிர்தாவால் அங்கே நிற்க முடியவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல செல்லக்கனி?"

செல்லக்கனி தரையைப் பார்த்தாள். "காதுல மிசின் வச்ச ஆஸ்பத்திரில, கையக் காட்டிப் பேச விடாதிய, அப்படி விட்டா வாயில பேச்சே வராதுன்னு கண்டிச்சிச் சொல்லிட்டாவ டீச்சர். நான் அதையும் மீறித்தான் அந்த வகுப்புல விட்டேன். அந்தப் பிள்ளையோட பேசையில சிரிப்பா. வேற எப்பவும் அவ அப்படிச் சிரிச்சி நான் பாக்கல. அதுக்காவ விட்டேன். உங்ககிட்ட சொன்னா நீங்களும் ஏசுவியன்னு பயந்தேன். நீங்க விலக்குக் கேக்காதன்னு சொன்னதும், சரி, நான் செய்தது ரெண்டு வகையிலயும் தப்புதான் போலன்னு நினைச்சிக்கிட்டேன்."

"அந்த வகுப்பு அம்மா போன் பண்ணினாங்களே."

"நான்தான் எடுக்கல. எடுத்து என்ன சொல்ல?"

சுகிர்தா தன் பையிலிருந்து, நசீமா சொன்னதை எழுதி வைத்திருந்த தாளை எடுத்தாள். மேடையில் அரசி பேசியதை வாசித்துக் காட்டினாள். 'எங்க அம்மாவுக்கு' என்ற இடத்தில் நிறுத்தினாள். செல்லக்கனி தாளின் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு என்ன, டீச்சர்?"

"அதுக்குள்ள நான் கையைப் பிடிச்சிட்டேன்."

செல்லக்கனி அழவில்லை. மகள் பக்கம் திரும்பி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு என்னன்னு அவகிட்ட கேக்கக்கூட எனக்குத் தெரியாதே," என்றாள்.

விலக்கு ஒரே நாளில் கிடைத்தது. சுகிர்தா அளவை முழுவதுமாக நிறுத்தச் சொல்லிப் பஞ்சாயத்தில் பேசிப் பார்த்தாள். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு பிள்ளைக்கு நடந்த தவறுக்காக மற்ற நானூறு பிள்ளைகளைப் பழையபடி விடச் சொல்கிறீர்களா என்று கேட்டார். அளவு நிற்கவில்லை. சைகை மொழியையும் மொழியாகச் சேர்க்கச் சொல்லி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகப் பதில் வந்தது.

விலக்கு கிடைத்த மறுநாள் மாலை, செல்லக்கனி வீட்டில் டேப்லெட்டை மேசை மேல் நிறுத்தி வைத்து, அஃப்ராவுடன் இணைத்தார்கள். நசீமா பக்கத்துச் சதுரத்தில் இருந்து மொழிபெயர்த்தாள். திரையில் அஃப்ரா வந்ததும் துள்ளினாள். கைகள் பறந்தன.

"புதுப் பல் முளைச்சிருக்குன்னு காட்டறா," என்றாள் நசீமா. "தம்பி பொறந்திருக்கான்னு சொல்றா. நீ எங்க போயிட்டேன்னு கேக்கறா."

அரசி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அஃப்ராவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். பிறகு மறுபடி ஒரு நொடி திரையை. அஃப்ரா ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அரசி பாதியிலேயே கையை நீட்டித் திரையை மூடினாள். மூடிவிட்டு, சரியாகச் செய்தேனா என்று கேட்பது போல சுகிர்தாவைப் பார்த்தாள்.

நான்கு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

அடுத்த நாள் நசீமா போனில் பேசினாள். "மேடையில அம்மா பத்தி என்ன சொல்ல வந்தேன்னு தனியாக் கேட்டுப் பார்த்தேன் மேடம். தலையை ஆட்டிட்டா. ஞாபகம் இல்லையா, சொல்ல இஷ்டம் இல்லையா, தெரியல. நாலு மாசமா சரியாப் பேசாம இருந்திருக்கா. இந்த வயசுல அது ரொம்ப நாள். சில சொல்லு போயிருக்கு. வரும். ஆனா திரைக்கு முன்னாடி வர மாட்டேங்கிறா. வீட்டுல நேர்ல யாராவது பேசணும்."

"யாரு பேசுறது?"

"நீங்க கத்துக்கலாமே மேடம்."

சுகிர்தாவும் செல்லக்கனியும் சேர்ந்து கற்றார்கள். ஆலை விட்டு வந்ததும் ஒரு மணி நேரம், நசீமாவிடம், திரையில். சுகிர்தாவுக்கு விரல்கள் வளையவில்லை. செல்லக்கனி வேகமாகக் கற்றாள். பொட்டலம் போட்டுப் பழகிய கைகள் என்று நசீமா சொன்னபோது அவள் முதல் முறையாகச் சிரித்தாள். அரசி தூரத்திலிருந்து பார்த்தாள், கிட்டே வரவில்லை. மூன்றாவது வாரம் தாயின் தவறான விரலை ஒரு முறை மடக்கி விட்டுப் போனாள்.

ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்தில் பூசை முடிந்து சுகிர்தா அவர்கள் வீட்டுக்குப் போனாள். சொல்ல வேண்டியதை ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தாள். அரசிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் தவறு செய்தேன் என்று கையால் சொன்னாள். உன் கையைப் பிடித்தேன். நீ பேசும்போது பிடித்தேன். இப்போது பேசு, நான் பார்க்கிறேன்.

அரசி இமை தட்டாமல் அவள் கைகளையே பார்த்தாள். முடிந்ததும் சற்று யோசித்தாள். தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, சுருக்கமாக எதையோ கேட்டாள்.

சுகிர்தாவுக்குப் புரியவில்லை. செல்லக்கனியைத் திரும்பிப் பார்த்தாள்.

செல்லக்கனிக்குப் புரிந்திருந்தது.

"உங்ககிட்ட பேச அவளுக்கு எத்தன நிமிசம்னு கேக்கா டீச்சர்."

சுகிர்தா பதிலை வாயால் சொன்னாள். அரசி அவள் உதடுகளைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தாள். எவ்வளவு வேண்டுமானாலும் என்பதற்கு என்ன சைகை என்று சுகிர்தா இன்னும் படித்திருக்கவில்லை. பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். மூடினாள். மறுபடி பத்தையும் விரித்தாள், மூடினாள், மறுபடி விரித்தாள்.

அரசி அவற்றை எண்ண ஆரம்பித்தாள். எங்கே நிற்கும் என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.